சந்திரயானைத் தரையிறக்கும் விளையாட்டு: குழந்தைகளுக்காக முதல் முறை கேம் செய்பவர்களுக்கு

விண்வெளி பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்ய வேண்டும் என்ற ஆசை பல ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ராக்கெட் பறக்கும், விண்கற்கள் வரும், அவற்றைச் சுட வேண்டும். நடுவில் "சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் எது?" என்று ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் அடுத்த கட்டம். இப்படிப்பட்ட கேமில் குழந்தை பழகுவது சுடுவதை மட்டும்தான். கேள்வி வந்தால் எதையாவது தட்டிவிட்டு மறுபடி சுடப் போய்விடும்.

கற்க வேண்டிய விஷயம் விரல் செய்கிற வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும். அது பிடிபடாமல் ஜெயிக்கவே முடியாது என்கிற அளவுக்கு. இதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு கேமை வைத்துக் காட்டுகிறேன்: சந்திரயான்-3ன் விக்ரம் லேண்டரை, அதாவது தரையிறங்கும் கலத்தை, நிலவில் இறக்குவது. விளையாடப் போவது 8 முதல் 12 வயதுக் குழந்தைகள். கருவி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007ல் வெளிவந்த ஸ்கிராட்ச். அதில் பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கேம் ஆகிவிடும். இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நிரல் எழுதிப் பழக்கம் இல்லாதவர்களும் தொடங்கலாம்.

ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"விண்வெளியைப் பற்றி எல்லாம் சொல்லித் தரும் கேம்" என்று தொடங்கினால் முடிக்கவே மாட்டீர்கள். விளையாடி முடித்த குழந்தை, முன்பு தவறாகச் சொன்ன எதைச் சரியாகச் சொல்ல வேண்டும்? அதை ஒரு வரியில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

நிலவில் இறங்குவது பற்றிக் குழந்தைகளிடம் பேசிப் பார்த்தால் சில எண்ணங்கள் திரும்பத் திரும்ப வரும். நிலவில் ஈர்ப்பே இல்லை, எல்லாம் மிதக்கும். எஞ்சினை அணைத்தால் கலம் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். பாராசூட்டை விரித்தால் மெதுவாக இறங்கிவிடலாம். மூன்றுமே தவறு, மூன்றையும் ஒரே விளையாட்டால் அசைக்க முடியும் என்பதால்தான் இந்தக் கருவை எடுத்தேன். நிலவில் ஈர்ப்பு உண்டு, பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. பாராசூட்டைத் தாங்க அங்கே காற்று இல்லை. எஞ்சினை அணைத்தால் கலம் விழும், விழ விழ வேகம் கூடும். அப்படியானால் வேகத்தைக் குறைக்க ஒரே வழி, கீழ்நோக்கி எஞ்சினை எரிப்பது. அதற்கு எரிபொருள் வேண்டும், அது கொஞ்சம்தான் இருக்கிறது. விளையாட்டு முழுவதும் இந்த இழுபறிதான்.

பயணத்தின் எந்தத் துண்டு?

சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று கிளம்பியது. எல்.வி.எம்.3 ராக்கெட் அதைப் பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டது. அங்கிருந்து ஐந்து முறை எஞ்சினை இயக்கிப் பாதையைப் படிப்படியாகப் பெரிதாக்கினார்கள். ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திருப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று நிலவின் சுற்றுப்பாதைக்குள் போனது, 17 அன்று லேண்டர் பிரிந்தது, 23 அன்று மாலை 6.04க்குத் தரை தொட்டது. 1969ல் அப்போலோ 11 ஏறக்குறைய மூன்று நாளில் நிலவின் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. அதைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட் அவ்வளவு பெரியது. நம்முடைய ராக்கெட் சிறியது என்பதால் சுற்றிச் சுற்றி வேகம் சேர்த்துப் போனார்கள்.

பாதையைப் பெரிதாக்குவதை வைத்தே தனியாக ஒரு அருமையான கேம் செய்யலாம். ஆனால் வட்டப் பாதையின் கணக்கு தொடக்கக்காரர்களைத் திணறடிக்கும். முதல் கேமுக்கு இறங்கும் கட்டமே சரி.

அதிலும் முழுவதையும் எடுக்க வேண்டாம். இறங்கத் தொடங்கியபோது லேண்டர் 30 கி.மீ. உயரத்தில், வினாடிக்குச் சுமார் 1.68 கி.மீ. வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 6,000 கி.மீ. வேகத்தில், பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 19 நிமிடம் போல ஆன இறக்கத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொல்வதற்கே போனது. கடைசி 800 மீட்டர்தான் ஏறக்குறைய நேர் செங்குத்து. அந்த 800 மீட்டர்தான் நம் கேம். மேலே, கீழே என்ற ஒரே திசை என்பதால் கணக்கும் எளிது, குழந்தைக்கும் உடனே புரியும்.

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள், காகிதத்தை எடுங்கள்

தயவுசெய்து இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். படமும் ஒலியும் சேர்த்த பிறகு விதி சுவாரசியமாக இல்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். காகிதத்தில் என்றால் ஒரு எண்ணை அடித்து மாற்றினால் போதும்.

1969ல், அப்போலோ 11 இறங்கிய சில மாதங்களிலேயே, அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவர் நிலவில் இறங்கும் கேம் ஒன்றை எழுதினார். அதில் படமே கிடையாது. ஒவ்வொரு 10 வினாடிக்கும் எவ்வளவு எரிபொருள் எரிக்கலாம் என்று எண்ணால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நம் காகித விளையாட்டும் அதே வகை.

உயரம் 50, விழும் வேகம் 4, எரிபொருள் 20 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் குழந்தை 0 முதல் 5 வரை ஒரு எண் சொல்லும். அது அந்த முறை எரிக்கும் எரிபொருள். பழைய வேகத்தோடு 2 கூட்டுங்கள் (அது ஈர்ப்பு), எரித்ததைக் கழியுங்கள். வருவது புது வேகம். அதை உயரத்திலிருந்து கழியுங்கள். உயரம் 0க்கு வரும்போது வேகம் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பத்திரமாக இறங்கியாயிற்று.

பயந்த குழந்தை முதலிலேயே 4 எரிக்கும். வேகம் 2 ஆகும், உயரம் 48. அப்புறம் அதே வேகத்தில் நிதானமாக இறங்கலாம் என்று ஒவ்வொரு முறையும் 2 எரிக்கும். எட்டே முறையில் எரிபொருள் காலி. உயரமோ இன்னும் 32! அங்கிருந்து கலம் தடதடவென்று விழுந்து 12 வேகத்தில் மோதும். "மெதுவாத்தானே வந்தேன்?" என்று குழந்தை கேட்கும் அந்தக் கேள்விக்காகத்தான் கேமே. அந்தரத்தில் தாங்கி நிற்பதற்கும் எரிபொருள் செலவாகிறது. நேரம் போகப் போகச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது 0, 0, 0, 4, 4, 4, 2, 4, 2 என்று எரித்துப் பாருங்கள். முதலில் தைரியமாக விழவிட்டு, பிறகு பிடிக்கிறோம். ஒன்பதாவது முறை, வேகம் 2ல் சரியாகத் தரை தொடும், எரிபொருளும் சரியாக 20. இதையே 18ல் இறக்க ஒரு வழி இருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன், குழந்தையோடு உட்கார்ந்து தேடுங்கள். தேடுவது உங்களுக்கே பிடித்துப்போனால் விதி சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்கிராட்சில் கட்டுவது

மாறிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணைப் பெயரோடு சேமித்து வைப்பதுதான் வேரியபிள். மூன்று போதும்: உயரம், வேகம், எரிபொருள். கேமைத் தொடங்கும் பச்சைக்கொடியை அழுத்தியதும் உயரத்தை 300, வேகத்தை 0, எரிபொருளை 100 என்று வையுங்கள்.

அதன் கீழே ரிப்பீட் அன்டில் பிளாக். உயரம் 1க்குக் குறையும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வேகத்தோடு −0.05 சேர்க்க வேண்டும் (அது ஈர்ப்பு, கழித்தல் குறி என்றால் கீழ்நோக்கி). மேல் அம்புக்குறி அழுத்தப்பட்டு, எரிபொருளும் 0க்கு மேல் இருந்தால், வேகத்தோடு 0.15 சேர்த்து எரிபொருளில் 1 குறைக்க வேண்டும். பிறகு உயரத்தோடு வேகத்தைக் கூட்ட வேண்டும். கடைசியாக, லேண்டர் ஸ்பிரைட்டின் (திரையில் நகரும் படம்) ஒய் மதிப்பை (திரையில் மேல்-கீழ் இடம்) "உயரம் கழித்தல் 140" என்று வைக்க வேண்டும். சுற்று முடிந்ததும், வேகம் −1.5ஐ விடப் பெரிதாக இருந்தால் (அதாவது −1, −0.5 போல) பத்திரம், இல்லையென்றால் மோதல். அவ்வளவுதான் கேமின் எலும்புக்கூடு.

உயரத்துக்கு ஏன் தனி வேரியபிள், ஸ்பிரைட்டின் ஒய் மதிப்பே போதாதா என்று தோன்றலாம். ஸ்கிராட்சின் மேடை 480 அகலம், 360 உயரம் மட்டும்தான். குழந்தை அம்புக்குறியை விடாமல் அழுத்தினால் கலம் மேல் விளிம்பில் முட்டி நின்றுவிடும், விண்வெளிக்குக் கூரை இருப்பது போல. தனி வேரியபிள் இருந்தால் படம் விளிம்பில் நின்றாலும் உயரக் காட்டி ஏறிக்கொண்டே போகும், எரிபொருள் தீர்ந்ததும் கலம் சரியான நேரத்தில் திரும்பி வரும்.

கீழே விழும் வேகம் நிரலுக்குள் எதிர்மறை எண். திரையில் அப்படியே காட்டினால் எட்டு வயதுக் குழந்தை குழம்பும். "விழும் வேகம்" என்று இன்னொரு வேரியபிள் வைத்து, −10ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கிக் காட்டுங்கள். "15க்குள் இருந்தால் பத்திரம்" என்பது எல்லோருக்கும் புரியும். காட்டியின் நிறம் சிவப்பிலிருந்து பச்சையாக மாறுவது மட்டும் போதாது. சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாத குழந்தைகள் உண்டு. ஒரு முகமோ அம்போ சேர்ந்து மாறட்டும்.

எரிபொருளை முதல் கட்டத்தில் 100 என்றும், கை பழகியதும் 60 என்றும் வையுங்கள். நன்றாகப் பழகியவர்கள் 45ஐ ஒட்டி இறக்கிவிடுவார்கள். தொடக்கத்திலேயே இறுக்கிப் பிடித்தால் அழுகைதான் மிஞ்சும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு சேர்க்கை. திரையில் "பூமி" என்று ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் −0.05 என்பது −0.3 ஆகட்டும். ஆறு மடங்கு. எஞ்சினை எவ்வளவு அழுத்தினாலும் கலம் விழுந்தே தீரும். உண்மையிலும் அப்படித்தான். விக்ரம் லேண்டரின் எடை, உள்ளே வைத்திருந்த ரோவர் என்ற சிறு ஊர்தியோடு சேர்த்து 1,752 கிலோ. அதில் 800 நியூட்டன் விசையுள்ள எஞ்சின்கள் நான்கு, ஆக மொத்தம் 3,200 நியூட்டன். பூமியில் அந்த விசை சுமார் 325 கிலோவைத்தான் தாங்கும். நிலவில் சுமார் 1,975 கிலோவைத் தாங்கும். நிலவில் இறங்கிய அந்தக் கலம் தன் நான்கு எஞ்சின்களால் இங்கே தரையை விட்டுக்கூட எழும்பியிருக்காது. இதைக் குழந்தை ஒரு பொத்தானில் கண்டுபிடிக்கிறது. எந்தப் பாடப்புத்தக வரியும் இதற்கு ஈடில்லை.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

கேம் என்றால் சில இடங்களில் உண்மையைச் சுருக்கத்தான் வேண்டும். நேரத்தைச் சுருக்குங்கள். கலத்தைப் பெரிதாக வரையுங்கள். எஞ்சினை உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் வலுவாக வையுங்கள். மேலே கொடுத்த எண்களில் நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், சின்னக் கைகளுக்கு அது தேவை. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கேள்வியில் மட்டும் பொய் கூடாது. எஞ்சினை விட்டதும் கலம் நின்றுவிடுவது, பாராசூட் விரிவது, தூசி மேகம் போலச் சுழன்று மிதப்பது எல்லாம் வேண்டாம். காற்றில்லாத இடத்தில் தூசி எறிந்த கல்லைப் போல வளைந்து போய் விழும்.

ஒலிக்கும் இதே கதைதான். வெளியிலிருந்து பார்க்கும் காட்சியில் எஞ்சின் உறுமக் கூடாது. அதற்குப் பதில் பெங்களூருக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் உயரத்தைப் படிப்பது போலக் குரல் வையுங்கள். "நூற்றைம்பது மீட்டர்... ஐம்பது மீட்டர்..." என்று வரும் குரல் எந்த வெடிச்சத்தத்தையும் விடப் பதற்றம் தரும்.

மோதிய பிறகு என்ன காட்டுவது

பெரும்பாலான கேம்கள் இங்கே "தோற்றுவிட்டாய்" என்று எழுதிவிட்டு நின்றுவிடும். குழந்தைக்கு அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று தெரியவே தெரியாது. மோதிய வேகம், மீதியிருந்த எரிபொருள், எந்த உயரத்தில் முதன்முதலில் எஞ்சினைத் தொட்டது என்ற மூன்று எண்களைக் காட்டுங்கள். பக்கத்தில் முந்தைய முயற்சியின் எண்களும் இருக்கட்டும்.

இஸ்ரோ செய்ததும் இதுதான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2ன் லேண்டர், சுமார் 2.1 கி.மீ. உயரம் வரை திட்டப்படி வந்துவிட்டுத் தொடர்பிழந்து மோதியது. பிறகு தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்திருந்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, மென்பொருளோ அவ்வளவு வேகமாகத் திரும்ப விடவில்லை. இறங்கக் குறித்திருந்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அடுத்த முறை அந்த இடத்தை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரித்தார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், கூடுதல் எரிபொருள் வைத்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் அந்தத் திரையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாம் கட்டம்: கையை எடு

2023 ஆகஸ்ட் 23 மாலை லேண்டரை யாரும் பொத்தானை அமுக்கி இறக்கவில்லை. நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ரேடியோ சிக்னல் போகவே 1.3 வினாடி ஆகும், பதில் வர இன்னொரு 1.3 வினாடி. அதனால் லேண்டர் தானே அளந்து தானே முடிவெடுத்தது. 150 மீட்டர் உயரத்தில் கொஞ்சம் நின்று, கேமராவால் தரையைப் பார்த்து, பாறை இல்லாத இடத்தை உறுதிசெய்துகொண்டுதான் இறங்கியது.

கேமின் இரண்டாம் கட்டத்தில் அம்புக்குறியை எடுத்துவிடுங்கள். குழந்தை முன்கூட்டியே இரண்டு எண்களைத் தர வேண்டும்: எந்த உயரத்துக்குக் கீழே வந்ததும் எஞ்சின் வேலை செய்யலாம், விழும் வேகம் எவ்வளவுக்கு மேல் போனால் எஞ்சின் எரிய வேண்டும். ஸ்கிராட்சில் வேரியபிளை ஸ்லைடராகத் திரையில் வைக்கலாம் என்பதால் வேலை சுலபம். நிரலில் மாறுவது ஒரே இடம்: "அம்புக்குறி அழுத்தப்பட்டதா" என்பதற்குப் பதிலாக இந்த இரண்டு நிபந்தனைகள். உயரம் 130, விழும் வேகம் 10 என்று வைத்தால் 60 எரிபொருளில் கலம் பத்திரமாக இறங்கும். உயரம் 300 என்று வைத்தால் பாதி வழியிலேயே எரிபொருள் தீரும். எண்ணைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது குழந்தைக்கு முதலில் பிடிக்காது. இரண்டாவது மூன்றாவது முயற்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

படம், எழுத்து

படங்களைக் குழந்தைகளையே வரையச் சொல்லுங்கள். நான்கு கால் உள்ள லேண்டர், ஆறு சக்கர ரோவர், அவ்வளவுதானே. நிலவின் நிஜப் படம் வேண்டுமென்றால் நாசாவின் படங்களைப் பெரும்பாலும் கல்விக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாசாவின் சின்னத்தை மட்டும் போடாதீர்கள். பின்னணிக் கதைக்கு ஒன்று சொல்கிறேன்: நிலவு மண்ணைப் போன்ற மண்ணில் சோதித்துப் பார்ப்பதற்கு இஸ்ரோ எடுத்த பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைத்தது. "சோதனைக் களம்" என்று ஒரு பயிற்சிக் கட்டத்துக்கு இது கச்சிதம்.

தமிழ் எழுத்தை வேலை முடியும்வரை தள்ளிப் போடாமல் முதல் நாளே சோதியுங்கள். சில கேம் கருவிகளில் "கொ", "ணை" போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். அப்படி ஆனால் சொற்களைப் படமாக்கி ஒட்டுங்கள். பின்னாளில் கோடாட் போன்ற பெரிய கருவிக்குப் போனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இலவசம். திரையில் ஒரு நேரத்தில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம், அதையும் குரலில் பதிவுசெய்து வையுங்கள். படிக்கத் தடுமாறும் குழந்தையும் அப்போதுதான் விளையாட முடியும்.

குழந்தைகளிடம் கொடுக்கும்போது

விளையாடும் முன் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "நிலவுக்கு மேலே எஞ்சினை அணைத்தால் கலம் என்ன ஆகும்? வரைந்து காட்டு" என்று கேளுங்கள். விளையாடிய பிறகு அதே கேள்வி, புதுக் காகிதம். இரண்டு படங்களும் ஒன்றாகவே இருந்தால் கேம் எவ்வளவு ஜாலியாக இருந்தாலும் வேலை செய்யவில்லை.

விளையாடும்போது பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். "அங்கே அழுத்து" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் கேம் எங்கே தெளிவாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். முடிந்தால் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு குழந்தைகள். தனியாக விளையாடும் குழந்தை மனதுக்குள் யோசிக்கும். இருவர் என்றால் "இப்ப விடு, அப்புறம் அழுத்து" என்று சத்தமாக யோசிப்பார்கள், நீங்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கேமைக் கொண்டுசேர்ப்பது. பல வீடுகளில் இருப்பது கைபேசி மட்டும்தான், அதில் அம்புக்குறி கிடையாது. அதனால் திரையின் கீழே கட்டைவிரலுக்கு ஏற்ற பெரிய பொத்தான் ஒன்று வையுங்கள். டர்போவார்ப் பேக்கேஜர் என்ற இலவசக் கருவி உங்கள் ஸ்கிராட்ச் கோப்பை ஒற்றை எச்.டி.எம்.எல். கோப்பாக மாற்றித் தரும். அதைப் பென் டிரைவில் எடுத்துப் போய் இணையம் இல்லாத பள்ளிக் கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறக்கலாம். குழந்தைகளின் பெயர், படம், கைபேசி எண் எதையும் கேம் கேட்க வேண்டாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியல் வேண்டுமென்றால் குழந்தைகள் தாங்களே வைத்துக்கொள்ளும் கலத்தின் பெயரைப் போடலாம்.